தீர்ப்புக்குப் பின் முப்பது நாட்கள்

(ஜமாஅத் ஆண்டுப் பொதுக்குழுவில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)

 

ஆண்டறிக்கையும் வரவு செலவுக் கணக்கும் வாசிக்கப்பெற்று ஒப்புதல் பெற்ற பின்னர், மக்களுக்குப் பயன்படும் ஒரு பொருளைக் குறித்துச் சிறிது நேரம் பேசுவது நமது வழக்கம். சென்ற ஆண்டுகளில் கல்வி உதவி பற்றியும் மருத்துவக் காப்பீடு பற்றியும் பேசினோம். இவ்வாண்டு எடுத்துக்கொண்ட பொருள் கேட்பதற்குச் சுவையானதன்று. ஆனால் அதனை அறியாமையால் வீட்டையும் கடையையும் இழந்த குடும்பங்கள் எல்லாச் சமுதாயத்திலும் உண்டு. உரிமையியல் நீதிமன்றத்தில் தீர்ப்பு நமக்கு எதிராக வந்துவிட்டால், மேல்முறையீடு செய்வதற்குச் சட்டம் வகுத்துள்ள கெடு எவ்வளவு? அதனைத் தவற விட்டால் என்ன ஆகும்? இவையே நாம் இன்று பேச இருப்பவை.

இராயபுரம், காசிமேடு, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூர் என்று நீளும் இந்த வடசென்னைப் பகுதியில் வழக்கு என்பது செல்வந்தர்களின் பொழுதுபோக்கன்று. பாட்டனார் வாங்கிய ஒரே வீட்டில் நான்கு பிள்ளைகளின் குடும்பங்கள் வாழ்கின்றன. பாகப்பிரிவினை வழக்கு, வாடகை வழக்கு, பொதுச்சுவர் வழக்கு, கைமாற்றுக் கடனுக்கான வழக்கு, கண்டெய்னர் லாரி விபத்தில் இழப்பீடு கோரும் வழக்கு ஆகியவை நமது இல்லங்களுக்குள் தாமாக நுழைந்தவை. வழக்காடுபவரோ துறைமுகத்திலும் தொழிற்சாலையிலும் ஷிப்டு பார்ப்பவர். அல்லது கப்பலிலோ வளைகுடா நாட்டிலோ சபரில் இருப்பவர். அவருக்காக வழக்கைக் கவனித்து வருபவர் வயது முதிர்ந்த தந்தை அல்லது வீட்டைவிட்டு அதிகம் வெளியே செல்லாத தாயார். இத்தகைய குடும்பங்களில்தான் கெடு தவறுகிறது.

நாம் நன்கறிந்த ஓர் ஒப்புமையைக் கூறிப் பொருளுக்குள் செல்வோம். தொழுகைக்கு வக்து உண்டு. வக்து தவறிய தொழுகையைக் களாவாக நிறைவேற்றும் வாய்ப்பை மார்க்கம் நமக்கு வழங்கியிருக்கிறது. நீதிமன்றத்தின் வக்து அத்தகையதன்று. முப்பதாம் நாள் வரை மேல்முறையீடு நமது உரிமை. முப்பத்தொன்றாம் நாள் அது உரிமையன்று. நீதிபதியின் மனநிறைவைப் பொறுத்துக் கிடைக்கக்கூடிய சலுகை. இந்த வேறுபாட்டை மனத்தில் இருத்திக்கொண்டால் ஏனையவை எளிதில் விளங்கும்.

கெடு எவ்வளவு?

இந்தியாவில் இன்று நடைமுறையில் இருப்பது 1963 ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டம். அது 1964 ஜனவரி முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன்னர் 1908 ஆம் ஆண்டுச் சட்டமும், அதற்கும் முன்னர் 1877, 1871, 1859 ஆம் ஆண்டுகளின் சட்டங்களும் இருந்தன. வழக்குக்கு ஒரு முடிவு வேண்டும். வென்றவரும் ஒரு நாள் நிம்மதியாக உறங்க வேண்டும் என்பதே இச்சட்டங்களின் அடிப்படை நோக்கம். இன்று நாம் தோற்றவராக இருந்து இதனைக் கொடுமை என்று கருதலாம். நாளை நாம் வென்றவராக இருக்கும்போது இதுவே நமக்கு அரண்.

இச்சட்டத்தின் அட்டவணையில் 116 ஆவது இனம் கூறுவது இது: கீழ் நீதிமன்றத் தீர்ப்பாணையை எதிர்த்து உயர்நீதிமன்றத்திற்குச் செல்வதாயின் 90 நாட்கள், வேறு எந்த நீதிமன்றத்திற்குச் செல்வதாயினும் 30 நாட்கள். மாவட்ட முன்சீப்பின் தீர்ப்பை எதிர்த்துச் சார்பு நீதிமன்றம் செல்வோருக்கு முப்பதே நாட்கள்தாம். சென்னை உரிமையியல் நீதிமன்றத்தின் உதவி நீதிபதி வழங்கிய தீர்ப்பாயின், வழக்கின் மதிப்பைப் பொறுத்து மேல்முறையீடு செல்லும் இடம் மாறும்; இடம் மாறினால் கெடுவும் மாறும். ஆகவே "எந்த நீதிமன்றம், எத்தனை நாள்?" என்னும் இரண்டு கேள்விகளையும் தீர்ப்பு வந்த அன்றே வழக்கறிஞரிடம் கேட்டுக் குறித்துக்கொள்ள வேண்டும். "தொண்ணூறு நாள் இருக்கிறது" என்று யாரோ ஒருவர் தேநீர்க் கடையில் கூறியதை நம்பி இருந்துவிடலாகாது.

நாம் வழக்குமன்றத்திற்கு வராத நிலையில் ஒருதலைப்பட்சமாகத் தீர்ப்பளிக்கப்பட்டிருந்தால், அதனை நீக்கக் கோரும் மனுவுக்கும் 30 நாட்களே. அழைப்பாணை முறைப்படி நமக்குச் சார்பு செய்யப்படாதிருந்தால் மட்டும், தீர்ப்பைப் பற்றி நாம் அறிந்த நாளிலிருந்து அந்த முப்பது நாள் தொடங்கும். மோட்டார் வாகன விபத்துத் தீர்ப்பாயத்தின் முடிவை எதிர்த்து உயர்நீதிமன்றம் செல்ல 90 நாட்கள்.

வழக்கு நடக்கும்போது வழக்காடும் தந்தையார் வஃபாத்தாகிவிட்டால், வாரிசுகளை வழக்கில் சேர்க்க 90 நாட்கள். அதனைத் தவற விட்டால் வழக்கு அவரைப் பொறுத்தவரை அற்றுப்போகும். அற்றுப்போனதை நீக்கக் கோருவதற்கு மேலும் 60 நாட்கள். துக்கத்தில் இருக்கும் வீட்டில் எவரும் வழக்குக் கட்டை எடுத்துப் பார்ப்பதில்லை. நாற்பது நாட்கள் அவ்வாறே கழிந்துவிடுகின்றன. வாரிசுகளுள் பெரியவர் ஒருவர், அடக்கம் முடிந்த சில நாட்களுக்குள் வழக்கறிஞருக்குச் செய்தி தெரிவிப்பது மறைந்தவருக்குச் செய்யும் நன்றிகளுள் ஒன்று என்றே நாம் கருதுகிறோம்.

நாட்களை எண்ணும் முறை

எண்ணுவதிலும் ஒரு முறை உண்டு. சட்டத்தின் 12 ஆவது பிரிவின்படி தீர்ப்பு வழங்கப்பட்ட நாள் கணக்கில் சேராது. தீர்ப்பாணையின் சான்றிட்ட நகலைப் பெறுவதற்குத் தேவைப்பட்ட நாட்களும் கழிக்கப்படும். ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். ஜூன் 10 ஆம் நாள் தீர்ப்பு; கெடு 30 நாள் என்றால் ஜூலை 10 கடைசி நாள். ஜூன் 15 அன்று நகல் மனுச் செய்து, ஜூன் 27 அன்று நகல் தயாரானால், அந்தப் பதின்மூன்று நாட்களும் கழிக்கப்பட்டுக் கடைசி நாள் ஜூலை 23 ஆகும்.

இங்கேதான் பலர் ஏமாறுகின்றனர். நகல் மனுவே கொடுக்காமல், "தீர்ப்பு நகல் இன்னும் வரவில்லையே, கெடு எப்படித் தொடங்கும்?" என்று இருந்துவிடுகின்றனர். கெடு நகலுக்காகக் காத்திராது. நாம் மனுக் கொடுக்கும் முன்னர் நீதிமன்றம் தீர்ப்பாணையைத் தயாரிக்க எடுத்துக்கொண்ட காலம் கழிக்கப்படாது என்று அதே பிரிவின் விளக்கம் தெளிவாகவே கூறுகிறது. நகலுக்கான கட்டணத்தைக் கேட்டு நீதிமன்றம் அறிவித்த பின்னர் நாம் கட்டாமல் தாமதித்த நாட்களும், நகல் தயாரான பின்னர் நாம் சென்று வாங்காமல் விட்ட நாட்களும் நமது கணக்கிலேயே எழுதப்படும். சான்றிட்ட நகலின் பின்புறத்தில் மனுக் கொடுத்த நாள், கட்டணம் கேட்கப்பட்ட நாள், கட்டப்பட்ட நாள், நகல் தயாரான நாள், வழங்கப்பட்ட நாள் என்று வரிசையாகக் குறிக்கப்பட்டிருக்கும். மேல்முறையீட்டு நீதிமன்றம் முதலில் திருப்பிப் பார்ப்பது அந்தப் பக்கத்தைத்தான். ஆகவே தீர்ப்பு வந்த மறுநாளே நகல் மனு. இதுவே முதல் விதி.

கடைசி நாள் கோடை விடுமுறையிலோ ஞாயிற்றுக்கிழமையிலோ வந்தால், நீதிமன்றம் மீண்டும் திறக்கும் நாளில் தாக்கல் செய்யலாம். அந்த ஒரு நாளையும் விட்டுவிட்டால் விடுமுறையின் பயன் முழுவதும் போய்விடும்.

கொரோனா காலத்தில் 2020 மார்ச் 15 முதல் 2022 பிப்ரவரி 28 வரையிலான நாட்களை எல்லாக் கெடுக்களிலிருந்தும் நீக்கி உச்சநீதிமன்றம் ஆணையிட்டது. அந்தச் சலுகை அன்றோடு முடிந்தது. அதனை நினைவில் வைத்துக்கொண்டு இன்றும் "நீதிமன்றம் காலநீட்டிப்புத் தந்திருக்கிறது" என்று நம்பிக்கொண்டிருப்போர் இருப்பின், அவர்களுக்கு இதனைத் தெரிவிக்கும் கடமை நம் எல்லோருக்கும் உண்டு.

கெடு தவறினால்

கெடு தவறிய மேல்முறையீட்டை, எதிர்தரப்பு ஆட்சேபிக்காவிட்டாலும் நீதிமன்றம் தள்ளுபடி செய்தாக வேண்டும். இது 3 ஆவது பிரிவு. அதற்கு விலக்காக அமைந்தது 5 ஆவது பிரிவு. "போதிய காரணம்" இருந்தது என்று நீதிமன்றத்தை மனநிறைவு கொள்ளச் செய்தால், தாமதத்தைப் பொறுத்துக்கொண்டு மேல்முறையீட்டை ஏற்கலாம்.

"போதிய காரணம்" என்பதைத் தாராளமாகப் பொருள் கொள்ள வேண்டும். முறையிடுபவரிடம் அலட்சியமோ செயலின்மையோ நேர்மைக் குறைவோ இல்லாதபோது நீதி கிடைக்கும் வகையில் பார்க்க வேண்டும் என்னும் கொள்கையை வகுத்தது எந்த நீதிமன்றம் என்பதை அறிந்தால் நமக்குப் பெருமிதமே உண்டாகும். அது நமது சென்னை உயர்நீதிமன்றம்தான். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் "கிருஷ்ணா எதிர் சாத்தப்பன்" என்னும் வழக்கில் அது கூறிய கருத்தையே உச்சநீதிமன்றம் பின்னாளில் எடுத்துக்கொண்டது. அவ்வாறு எடுத்துக்கொண்ட "ராம்லால் எதிர் ரீவா கோல்பீல்ட்ஸ்" வழக்கில் தாமதம் எவ்வளவு தெரியுமா? ஒரே ஒரு நாள். கடைசி நாளன்று நோயுற்றதனால் மறுநாள் தாக்கல் செய்த மேல்முறையீடு, அந்த ஒரு நாளுக்காகவே 1961 இல் உச்சநீதிமன்றம் வரை செல்ல நேர்ந்தது. இறுதியில் தாமதம் பொறுத்தருளப்பட்டது என்றாலும், கடைசி நாளை நம்பியிருப்பதன் விலை என்ன என்பதை இவ்வழக்கு நமக்குக் காட்டுகிறது.

நமது மாநிலத்திலிருந்து சென்ற வழக்கொன்று இப்பொருளில் இந்தியா முழுவதும் மேற்கோள் காட்டப்படுகிறது. அது "என். பாலகிருஷ்ணன் எதிர் எம். கிருஷ்ணமூர்த்தி" என்னும் வழக்கு, 1998 செப்டம்பர் 3 ஆம் நாள் தீர்ப்பு வழங்கப்பெற்றது. சொத்துரிமை வழக்கொன்றில் 1991 அக்டோபரில் ஒருதலைப்பட்சத் தீர்ப்பு. அதனை நீக்கக் கோரி மனுத் தாக்கல் செய்யப்பட்டது. அம்மனு, உரிய நாளில் எவரும் ஆஜராகாமையால் 1993 பிப்ரவரியில் தள்ளுபடியாயிற்று. அச்செய்தி கட்சிக்காரருக்குத் தெரியவில்லை. 1995 இல் தீர்ப்பை நிறைவேற்றும் நடவடிக்கையின் அழைப்பு வந்த பின்னரே விசாரிக்கத் தொடங்கினார். தம்முடைய வழக்கறிஞர் தொழிலையே விட்டு வேறு பணிக்குச் சென்றுவிட்டார் என்பதை அப்போதுதான் அறிந்தார். மீண்டும் அவர் மனுச் செய்தபோது தாமதம் 883 நாட்கள்.

விசாரணை நீதிமன்றம் தாமதத்தைப் பொறுத்தருளியது. உயர்நீதிமன்றம் அதனை ரத்துச் செய்தது. உச்சநீதிமன்றம் விசாரணை நீதிமன்றத்தின் முடிவையே நிலைநிறுத்தியது. தாமதத்தின் நீளம் பொருட்டன்று, அதற்குக் கூறும் விளக்கம் ஏற்கத்தக்கதா என்பதே அளவுகோல் என்று நீதிபதிகள் கூறினர். குறுகிய தாமதமும் விளக்கம் இன்மையால் பொறுக்கத் தகாததாகலாம்; நெடிய தாமதமும் நல்ல விளக்கத்தால் பொறுக்கத் தக்கதாகலாம். அதே வேளையில், எதிர்தரப்புக்கு நேர்ந்த சிரமத்திற்காகப் பத்தாயிரம் ரூபாய் செலுத்துமாறும் ஆணையிட்டனர்.

இவ்வழக்கில் நாம் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. அந்தக் கட்சிக்காரர் வெறுமனே வழக்கறிஞரைக் குறை கூறிக்கொண்டிராமல், சென்னை (வடக்கு) மாவட்ட நுகர்வோர் மன்றத்தில் முறையிட்டு ஐம்பதாயிரம் ரூபாய் இழப்பீடும் பெற்றார். அவருடைய கூற்று உண்மை என்பதற்கு அது ஓர் ஆதாரமாக நின்றது. ஆனால் அந்த வழி இன்று அடைபட்டுவிட்டது. வழக்கறிஞர்களின் தொழிற்பணி நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் வரம்புக்குள் வராது என்று உச்சநீதிமன்றம் 2024 மே 14 ஆம் நாள் தீர்ப்பளித்துள்ளது. வழக்கறிஞரின் தவற்றால் பாதிக்கப்பட்டவர், 1961 ஆம் ஆண்டின் வழக்கறிஞர்கள் சட்டத்தின்கீழ் பார் கவுன்சிலில் முறையிடலாம். உரிமையியல் நீதிமன்றத்தில் இழப்பீடும் கோரலாம். பெரும்பாலான வழக்கறிஞர்கள் கடமை உணர்வுடையவர்கள் என்பதையும், அவர்களுக்குத் தவறான முகவரியையும் மாறிப்போன தொலைபேசி எண்ணையும் கொடுத்துவிட்டு மறைந்துவிடுபவர்கள் பெரும்பாலும் நாமே என்பதையும் நேர்மையோடு ஒப்புக்கொள்ள வேண்டும்.

கதவு குறுகி வருகிறது

மேற்கூறிய வழக்கைக் கேட்டு, "883 நாளே பொறுக்கப்பட்டதே, நமக்கென்ன?" என்று எவரும் ஆறுதல் அடைந்துவிடலாகாது. அண்மைக் காலத் தீர்ப்புகளின் போக்கு வேறு திசையில் செல்கிறது.

வழக்கறிஞரின் தவற்றுக்காகக் கட்சிக்காரர் துன்புறலாகாது என்று "ரஃபீக் எதிர் முன்ஷிலால்" வழக்கில் 1981 இல் உச்சநீதிமன்றம் இரக்கத்தோடு கூறியது. 1993 இல் கல்கத்தாவிலிருந்து வந்த ஒரு வழக்கில், அது எல்லோருக்கும் பொருந்தும் பொதுவிதியன்று என்று அதே நீதிமன்றம் வரம்பிட்டது. அங்கே முறையிட்டவர் எழுத்தறிவற்ற கிராமவாசி அல்லர். அந்நகரிலேயே தலைமை அலுவலகம் கொண்டிருந்த ஒரு நிறுவனம். உயர்நீதிமன்றத்திலிருந்து நடந்து செல்லும் தொலைவில் வாழும் நமக்கு, கன்னியாகுமரியின் குக்கிராமத்தில் வாழ்பவருக்குக் கிடைக்கும் இரக்கம் அப்படியே கிடைக்கும் என்று எதிர்பார்ப்பது கடினம்.

சென்னைக்குக் கிருஷ்ணா நதிநீர் கொண்டுவரும் தெலுங்கு கங்கைத் திட்டத்தை நாம் அறிவோம். அத்திட்டத்திற்காக ஆந்திராவில் நிலம் எடுக்கப்பட்டது. இழப்பீடு போதாது என்று பதினாறு பேர் தொடர்ந்த வழக்கு 1999 இல் தள்ளுபடியாயிற்று. அவர்களுள் ஒருவருடைய வாரிசுகள், பல ஆண்டுகள் கழித்து மேல்முறையீடு செய்ய முன்வந்தபோது தாமதம் 5659 நாட்கள். உச்சநீதிமன்றம் 2024 ஏப்ரலில் அதனைப் பொறுக்க மறுத்துவிட்டது. பரிவு ஒன்றையே காரணமாகக் கொண்டு கெடுவைத் தளர்த்த இயலாது. வழக்கின் உள்ளடக்கம் வலுவானது என்பதும் தாமதத்திற்கு விளக்கமாகாது என்று அத்தீர்ப்பு கூறுகிறது.

அரசுக்கும் இப்போது தனிச்சலுகை இல்லை. கர்நாடக வீட்டுவசதி வாரியம் 3966 நாட்கள் தாமதமாகத் தாக்கல் செய்த இரண்டாம் மேல்முறையீட்டை உயர்நீதிமன்றம் ஏற்றிருந்தது. 2025 செப்டம்பரில் உச்சநீதிமன்றம் அதனை ரத்துச் செய்தது. கோப்பு மேசைக்கு மேசை நகர்ந்தது என்பதெல்லாம் காரணமாகாது என்பது அதன் கருத்து. வாரியத்திற்கே இந்நிலை என்றால் தனிமனிதர் எம்மாத்திரம்?

தாமத மனுவோடு மேல்முறையீடு செய்வதில் மற்றோர் இடரும் உண்டு. மேல்முறையீடு செய்துவிட்டால் தீர்ப்பு தானாகவே நின்றுவிடும் என்று பலர் எண்ணுகின்றனர். அது தவறு; தடையாணை தனியே பெற வேண்டும். உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 41 ஆவது ஆணை, 3அ விதியின்படி, தாமத மனு முடிவாகி மேல்முறையீட்டை விசாரிப்பதென்று நீதிமன்றம் தீர்மானிக்கும் வரை தடையாணை வழங்கலாகாது. இதற்கிடையில் எதிர்தரப்பு நிறைவேற்றுதல் மனுத் தாக்கல் செய்து, அமீனா வாசலில் வந்து நிற்கக்கூடும். சாமான்கள் தெருவில் வைக்கப்பட்ட பின்னர்க் கிடைக்கும் பொறுத்தருளல் யாருக்குப் பயன்படும்?

வக்பு சொத்துகளும் காலவரையறையும்

நிர்வாகப் பெருமக்கள் சற்றுக் கூடுதலாகச் செவி சாய்க்க வேண்டிய பகுதி இது. 1995 ஆம் ஆண்டின் வக்பு சட்டம், 107 ஆவது பிரிவில், வக்பு அசையாச் சொத்தின் உடைமையை மீட்கும் வழக்குகளுக்குக் காலவரையறைச் சட்டம் பொருந்தாது என்று கூறியிருந்தது. எத்தனை ஆண்டு கழித்தும் வழக்குத் தொடரலாம் என்னும் துணிவு முத்தவல்லிகளுக்கும் நிர்வாகிகளுக்கும் இருந்தமைக்கு அதுவே காரணம். 2025 ஆம் ஆண்டின் திருத்தச் சட்டம் அப்பிரிவை மாற்றி, காலவரையறைச் சட்டம் பொருந்தும் என்று ஆக்கிவிட்டது. அது 2025 ஏப்ரல் 8 ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது. 2025 செப்டம்பர் 15 இல் வழங்கிய இடைக்கால ஆணையில் உச்சநீதிமன்றம் அத்திருத்தத்தின் சில விதிகளை நிறுத்திவைத்தது. ஆயினும் காலவரையறை பற்றிய இம்மாற்றத்தை நிறுத்திவைக்கவில்லை.

இதன் பொருள் என்ன? பள்ளிவாசலுக்குச் சொந்தமான கடையையோ மனையையோ ஒருவர் தமதென்று எதிருரிமை கொண்டாடி அனுபவித்து வந்தால், பன்னிரண்டு ஆண்டுக் கணக்கு நமக்கு எதிராக ஓடும் அபாயம் இனி உண்டு. வக்பு தீர்ப்பாயத்தின் ஆணையை எதிர்த்து உயர்நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்வதற்கு, ஆணை கிடைத்த நாளிலிருந்து 90 நாட்கள் என்னும் கெடுவும் இத்திருத்தத்தால் வந்துள்ளது. நிர்வாகம் மூன்றாண்டுக்கு ஒருமுறை மாறலாம். வழக்கின் கெடு நிர்வாகத்தோடு மாறுவதில்லை. பழைய நிர்வாகம் கோப்பை ஒப்படைக்கவில்லை என்னும் விளக்கத்தை எந்த நீதிமன்றமும் எளிதில் ஏற்காது. பள்ளியின் சொத்து நம்மிடம் உள்ள அமானத். அதன் வழக்குக் கோப்பும் அமானத்தே.

நாம் செய்யத் தக்கவை

இனி, நடைமுறையில் நாம் ஒவ்வொருவரும் கைக்கொள்ள வேண்டியவற்றைச் சுருக்கமாகக் கூறுவோம்.

முதலாவதாக, வழக்குள்ள ஒவ்வொரு வீட்டிலும் ஒரு சிறு குறிப்பேடு வேண்டும். வழக்கு எண், நீதிமன்றத்தின் பெயர், அடுத்த வாய்தா, வழக்கறிஞரின் எண் ஆகியவை அதில் இருக்க வேண்டும். ஒவ்வொரு வழக்குக்கும் பதினாறு இலக்கம் கொண்ட சி.என்.ஆர். எண் வழங்கப்படுகிறது. அதனைக் கொண்டு ஈ-கோர்ட்ஸ் செயலியில் வழக்கின் நிலையைக் கைப்பேசியிலேயே காணலாம். வீட்டில் கல்லூரி செல்லும் பிள்ளைக்கு இப்பணியை ஒப்படைத்தால், தீர்ப்பு வந்ததே தெரியாது என்னும் நிலை ஏற்படாது.

இரண்டாவதாக, வீடு மாறினால் அன்றே வழக்கறிஞருக்கு எழுத்துமூலம் தெரிவியுங்கள். சபரில் இருப்பவர்கள் வழக்கைக் கவனிக்க ஒருவருக்கு முறையான அதிகாரப் பத்திரம் கொடுத்துச் செல்லுங்கள். வெளிநாட்டிலிருந்து அதனை அனுப்புவதாயின் இந்தியத் தூதரகத்தில் சான்றொப்பம் பெறுவதற்கே பல நாட்கள் ஆகும். முப்பது நாட்களில் அதனையும் செய்து முடிப்பது எளிதன்று.

மூன்றாவதாக, பாதகமான தீர்ப்பு வந்ததும் குடும்பத்தில் பேசி முடிவெடுக்க ஒரு வாரத்திற்கு மேல் எடுத்துக்கொள்ளாதீர்கள். மேல்முறையீடு வேண்டாம் என்பதும் கண்ணியமான முடிவே. ஆனால் அது நாம் எடுத்த முடிவாக இருக்க வேண்டும். காலண்டர் நமக்காக எடுத்த முடிவாக இருக்கலாகாது.

நான்காவதாக, கெடு தவறிவிட்டது என்று தெரியவந்தால் அஞ்சி மறைக்காதீர்கள். அண்ணன் திட்டுவார், மாமா கோபிப்பார் என்று மேலும் இரண்டு மாதம் கடத்துவது பத்து நாள் தாமதத்தை எழுபது நாளாக்கும். உடனே வழக்கறிஞரைக் கண்டு, நடந்ததை நடந்தபடியே கூறுங்கள். மருத்துவமனையில் இருந்ததாயின் அதன் சீட்டு, வெளிநாட்டில் இருந்ததாயின் கடவுச்சீட்டின் முத்திரைப் பக்கம், வழக்கறிஞருக்கு எழுதிய கடிதம் ஆகியவற்றைத் திரட்டிக் கொடுங்கள். இல்லாத நோய்க்குச் சான்றிதழ் வாங்கி வைக்கும் செயலை மட்டும் எக்காரணம் கொண்டும் செய்யாதீர்கள். பொய்ச் சத்தியம் மார்க்கத்திலும் பெரும் பாவம். நீதிமன்றத்திலும், பொறுத்தருள இருந்த தாமதத்தைப் பொறுக்க இயலாததாக ஆக்கிவிடும்.

ஐந்தாவதாக, பணமில்லை என்பதற்காகக் கெடுவைத் தவற விடாதீர்கள். 1987 ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின்படி பெண்கள், குழந்தைகள், மாற்றுத்திறனாளிகள், தொழிற்சாலைத் தொழிலாளர்கள் ஆகியோர் இலவச சட்ட உதவி பெறத் தகுதியுடையவர்கள். குறிப்பிட்ட வரம்புக்குட்பட்ட வருமானம் உள்ள எவரும் பெறலாம். மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு சென்னை உயர்நீதிமன்ற வளாகத்திலேயே இயங்குகிறது. தேசிய உதவி எண் 15100. கணவரை இழந்த சகோதரி ஒருவர், "வழக்கறிஞருக்குக் கொடுக்கக் கையில் இல்லை" என்று கண்ணீரோடு கெடுவைக் கடக்க வேண்டிய தேவை இல்லை என்பதை ஒவ்வொரு வீட்டிலும் சொல்லுங்கள்.

ஜமாஅத்தைப் பொறுத்தவரை, பள்ளியின் வழக்குகளுக்கெனத் தனிப் பதிவேடு ஒன்று வைக்கப்பட வேண்டும். அதில் கடைசி நாட்கள் சிவப்பு மையில் எழுதப்பட வேண்டும். மாதக் கூட்டத்தில் அது வாசிக்கப்பட வேண்டும். நிர்வாகம் மாறும்போது சாவிக்கொத்தோடு அதுவும் கையொப்பம் பெற்று ஒப்படைக்கப்பட வேண்டும். நம்மிடையே உள்ள வழக்கறிஞர்களும் சட்டம் பயிலும் இளைஞர்களும் மாதத்தில் ஒரு நாள், ஜும்ஆவுக்குப் பின்னர் ஒரு மணி நேரம் அமர்ந்து, வருவோரின் காகிதங்களைப் பார்த்துக் கடைசி நாள் எது என்று மட்டும் கூறினால்கூடப் போதும். வழக்கை நடத்தித் தர வேண்டுவதில்லை. நாளைச் சொன்னால் போதும். அந்த ஒரு சொல் ஒரு குடும்பத்தின் கூரையைக் காக்கும்.

சகோதரர்களே! நீதிமன்றத்தில் தோற்பதில் இழிவில்லை. உண்மை நம் பக்கம் இருந்தும் ஆதாரம் இன்மையால் தோற்கலாம். ஆனால் கேட்கப்பட வேண்டிய முறையீடு, கேட்கப்படாமலேயே வாசலில் திரும்புவது வேறு. அதனைத் தடுக்க அறிவாற்றலோ செல்வமோ தேவையில்லை. ஒரு காலண்டரும் சிறிது விழிப்பும் போதும். அந்த விழிப்பை நமக்கும் நமது குடும்பத்தாருக்கும் வல்ல இறைவன் தந்தருள்வானாக.